சகாயம்மாள் வீட்டு ராட்வீலர்

அரவிந்தன் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, வீட்டுக்கார அம்மா சகாயம்மாள் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மாடிப்படி ஏறும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறவர். இடுப்பு உயரக் கல்லில் எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. கல்லைச் சுற்றிச் சுற்றி டைகர் குரைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயோரம் எச்சில் நூலாக ஒழுகியது.

"டைகர், உட்காரு" என்றான் அரவிந்தன்.

டைகர் உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே சகாயம்மாளை அண்ணாந்து பார்த்து முனகியது.

"இறங்குங்கம்மா. அது ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நேத்தும் சொன்னீங்க தம்பி. நேத்து கல்லு எட்டாம மல்லிச் செடிக்குள்ள போய் நின்னேன்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். இரண்டு காலும் தரையில் பட்டதும், "சேசு மரி சூசை" என்று பெருமூச்சு விட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த கணம் டைகர் பாய்ந்தது. அதற்கடுத்த கணம் அவர் மறுபடியும் கல்லின் மேல் இருந்தார்.

அங்கிருந்தே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள ஒண்ணு நாய் போகணும், இல்லேன்னா நீங்க போகணும். நீங்க போனா எனக்கு வருத்தமா இருக்கும். அதனால நாய் போகட்டும்."

அரவிந்தன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். கே.கே. நகரில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் கீழ் வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை. நல்ல தண்ணீர், கையைக் கடிக்காத வாடகை, அவன் கேஷியராக இருக்கும் டிராக்டர் ஷோரூமுக்கு ஒரே பஸ். தெருவில் ஏறக்குறைய எல்லாமே கத்தோலிக்கக் குடும்பங்கள். நடுவில் அவனும் அவன் மனைவி ஆனந்தவள்ளியும் மட்டும் வேறு. ஒரு நாளும் வேறு என்று யாரும் நினைக்க வைத்ததில்லை. கிறிஸ்மஸுக்கு மேலேயிருந்து கேக் இறங்கும். பொங்கலுக்குக் கீழேயிருந்து சர்க்கரைப் பொங்கல் ஏறும். நாய் வந்த பிறகுதான் இரண்டு மாடிக்கும் நடுவே போக்குவரத்து நின்றுபோயிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருடு போனதைக் கேள்விப்பட்டுத்தான் நாய் வாங்கினான். காட்டூரில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முஜிபுர் ரஹ்மான், வளர்ந்த ராட்வீலர் ஒன்று கைவசம் இருக்கிறது என்றார். கன்றுக்குட்டி உயரம், கறுப்பு உடம்பு, உரல் மாதிரித் தலை. பார்த்த மாத்திரத்தில் ஆனந்தவள்ளி அடுக்களைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவள் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்க, அந்த உரல் தலை அவள் மடியில் இருந்தது. இப்போது அதற்குத் தயிர்சாதம் பிசைந்து வைக்காமல் அவள் சாப்பிடுவதில்லை.

வீட்டுக்குள் அது பூனையைவிடச் சாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ரசீதை அதன் முதுகில் வைத்துத்தான் கையெழுத்து வாங்குவார். பால்காரர் அதைத் தாண்டிப் போய்ப் பாலை வைத்துவிட்டு, தாண்டித் திரும்பி வருவார். அது கண்ணைக்கூடத் திறக்காது. ஆனால் தெருக்காரர்கள் யாராவது கேட்டருகே வந்தால் போதும், பாய்ந்துவிடும்.

எதிர்வீட்டு ஜெபராஜ் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் செல்போனில் ராட்வீலரைப் பற்றி என்னென்ன உண்டோ அத்தனையும் படித்து முடித்து, மீன்காரம்மா முதல் தெருவில் எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டார்.

"இது நாயே கிடையாது அரவிந்தன். நாய் மாதிரி இருக்கிற மெஷினு. கடிக்கணும்கிறது அதோட ரத்தத்துலயே இருக்கு. நீங்க தயிர்சாதம் போட்டா ரத்தம் மாறிடுமா?"

"இதுவரைக்கும் யாரையும் கடிக்கல சார்."

"என்னைக் கடிச்சிருக்கும். பை குறுக்க வந்துச்சு."

அது உண்மைதான். பேக்கரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெபராஜ், டைகர் வாசலில் நிற்பதைக் கண்டு மாதாவை வேண்டிக்கொண்டு அடியெடுத்து வைத்தார். அது பாய்ந்து வந்து முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் போட்டு, முகத்துக்கு நேரே மூச்சுவிட்டது. பையும் போயிற்று, பையிலிருந்த தேங்காய் பன்னும் போயிற்று. தொடை தப்பியது மாதா செய்த புதுமை என்று ஜெபராஜ் கோயிலில் சாட்சி சொன்னார்.

முதல் வேலையாக அரவிந்தன் டைகருக்கு ஒரு வாய்ப்பூட்டு வாங்கினான். கம்பி வலை போட்ட பெரிய பூட்டு. இனி யாருக்கும் பயமிருக்காது என்று மாலையில் அதை மாட்டி நடத்திக்கொண்டு போனான். விளைவு நேர்மாறாக இருந்தது. வெறும் வாயோடு போனபோது ஓரமாக ஒதுங்கியவர்கள், கம்பிக்குள் இருக்கும் வாயைக் கண்டதும் வீட்டுக்குள்ளேயே ஓடினார்கள். இவ்வளவு பெரிய பூட்டுப் போட்டிருக்கிறான் என்றால் உள்ளே எவ்வளவு பெரிய விஷயம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் பார்த்து டைகர் கம்பிக்குள்ளேயே குரைத்தது. குரைக்கக் குரைக்க எச்சில் கம்பி வழியே சொட்டியது. தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள், அரவிந்தன் வீட்டு நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்ற செய்தி அவனுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது.

அவன் தடுப்பூசிச் சீட்டை நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தான். ஊசி போட்டும் இப்படியா என்று இன்னும் பயந்தார்கள்.

அடுத்த யோசனை ஆனந்தவள்ளியுடையது. அவளுடைய அக்கா ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கோயில் பக்கத்தில் துளசி, பூக்கடை. நாள் முழுக்க ஜனங்கள் போய்வருகிற வீதி. அங்கே கொண்டுபோய் டைகரைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்து வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அதன் குணம் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். டைகர் கடை வாசலில் ராஜா மாதிரிப் படுத்தது. சேவிக்கப் போகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கோபுரத்தைப் பார்த்து வீதியிலேயே விழுந்து சேவித்த ஒருவரின் தலை ஏறக்குறைய அதன் வால்மேலேயே பட்டது. வாலை இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பசு ஒன்று வந்து அதன் காதை நக்கிவிட்டுப் போனது. அதற்கும் சும்மா இருந்தது. ஆனந்தவள்ளி பூரித்துப்போய் எல்லாவற்றையும் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து அகத்துப் பெரியவர் ஒருவர் பளிச்சென்ற திருமண்ணோடு வந்து நின்றார். டைகரைக் குனிந்து பார்த்தார். கேமரா ஓடுவது தெரிந்ததும் இன்னும் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"பரம சாதுவா இருக்கே. பூர்வ ஜென்மத்துல பெருமாள் கைங்கர்யம் பண்ணின ஆத்மாவா இருக்கும்."

இதைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்று ஆனந்தவள்ளி அங்கேயே நின்று குழுவில் போட்டுவிட்டாள்.  எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. கடைசியில் ஜெபராஜ் குரலைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார்.

"ரொம்ப நல்லது. ஸ்ரீரங்கத்துல கைங்கர்யம். நம்ம தெருவுல தொடைக்கறி. நாய்க்கு ஆள் பார்த்துப் பழகத் தெரியுதுன்னு இப்பத்தான் புரியுது."

அன்றைக்குத் திரும்பி வரும்போது குட்டியானையில் ஆனந்தவள்ளி அந்தக் குரலையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். டைகர் மட்டும் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துச் சந்தோஷமாக வந்தது.

நிலைமை முற்றிவிட்டதை உணர்ந்த அரவிந்தன், நேராகப் பங்குத்தந்தை அமிர்தசாமியிடம் போனான். அவர் நல்ல மனுஷர். தெருவில் குடிதண்ணீர் வராவிட்டாலும் அவரிடம்தான் எல்லோரும் போவார்கள். வீட்டை மந்திரித்து, நாயையும் ஆசீர்வதித்துக் கொடுத்தால் தெருவில் மனக்கசப்பு தீரும் என்று அரவிந்தன் கேட்டதும் அவர் நெகிழ்ந்துபோனார். மறுநாள் மாலையே தீர்த்தச் செம்போடு வந்தார். தெருவே கேட்டுக்கு வெளியே கூடி நின்றது. டைகர் கிரில் ஓரத்துக் கொக்கியில் கட்டப்பட்டு, அமைதியாக உட்கார்ந்திருந்தது.

"கடவுளோட படைப்பு. இதுக்கு எதுக்கு வாயில பூட்டு? கழட்டிடுங்க தம்பி" என்றார் ஃபாதர்.

அரவிந்தன் கழற்றினான். டைகர் ஃபாதரின் செருப்பை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டியது. கூட்டத்தில் சின்னதாக ஒரு ஆச்சரியம் எழுந்தது. ஃபாதர் புன்னகைத்துக் கையை உயர்த்தி, "தந்தை மகன் தூய ஆவியின் பெயராலே" என்று தொடங்கினார். அவரோடு சேர்ந்து தெரு மொத்தமும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனது.

இத்தனை கைகளை ஒரே நேரத்தில் டைகர் தாங்கவில்லை. கொக்கி சிமெண்டோடு பெயர்ந்து வந்தது. செம்பு உருண்டது. கூட்டம் தெருமுனை வரை பின்வாங்கியது. ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். அது குளியலறை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, போயிடுச்சா?"

"இல்ல ஃபாதர். கதவுகிட்டயே படுத்திருக்கு."

"ஏன் படுத்திருக்கு?"

"தெரியல ஃபாதர். வால் ஆட்டுது."

"வால் ஆட்டினாலும் நான் வர மாட்டேன்."

டைகரை அறைக்குள் பூட்டிய பிறகுதான் அவர் வெளியே வந்தார். வந்தவரிடம் பிசாசுதானே என்று ஜெபராஜ் தூரத்திலிருந்தே கேட்டார். ஃபாதர் ஒப்புக்கொள்ளவில்லை. பிசாசாக இருந்திருந்தால் தனக்குக் குளியலறைக்குள் போக வேண்டிய அவசியம் இருந்திருக்காது என்றார். பிறகு அரவிந்தனைத் தனியே கூப்பிட்டு, இது யாரோ பழக்கிவிட்ட பழக்கம், நாய்களைப் பற்றித் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லி, நனைந்த அங்கியோடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை முஜிபுர் ரஹ்மான் வந்தார். இனத்தின் மேல் பழி போட்டால் அவருக்குப் பிடிக்காது. ராட்வீலர் என்ன, ராஜபாளையம் என்ன, குட்டியில் எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதைத்தான் பெரிதானபின் செய்யும் என்றார். பிறகு டைகருக்கு முன்னால் குடையை விரித்துப் பார்த்தார். தடியை ஓங்கிப் பார்த்தார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு திருடன் மாதிரி ஓடிப் பார்த்தார். டைகர் கொட்டாவி விட்டது.

"சரி, அந்த அம்மா வரும்போது என்ன பண்ணுவாங்கன்னு அப்படியே பண்ணிக் காட்டுங்க."

ஆனந்தவள்ளிக்குச் சகாயம்மாள் மாதிரி நடிப்பது கைவந்த கலை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். டைகர் பார்த்துக்கொண்டிருந்தது. "வாடகை வாங்க வந்தேன்" என்றாள். டைகர் பார்த்துக்கொண்டிருந்தது. "சேசு மரி சூசை" என்று சொல்லிச் சிலுவை போட்டாள். டைகர் எகிறியது. அவள் போன வேகத்தில் அடுக்களைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முஜிபுர் ரஹ்மான் துள்ளிக் குதித்தார். "கைய்யி சார். அந்தக் கை சைகைதான். இதப் பாத்தா பாயணும்னு யாரோ பழக்கியிருக்காங்க. சந்தேகம் தீரட்டும், நீங்க ஒருதடவ பண்ணுங்க."

அரவிந்தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிலுவை போட்டான். டைகர் பாய்ந்தது. உட்காரச் சொன்னான், உட்கார்ந்தது. வலது தோளா இடது தோளா எது முதலில் என்று குழம்பி, மாற்றிப் போட்டுப் பார்த்தான். அதற்கும் பாய்ந்தது. நோய் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் அவன் வேர்க்க வேர்க்க மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் டைகர் தவறாமல் பாய்ந்தது. "சபாஷ்" என்று முஜிபுர் ரஹ்மான் கைதட்டினார்.

எதிர்வீட்டு மொட்டைமாடியில் வடாம் காயவைக்க வந்திருந்த ஜெபராஜ், செல்போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்து முடித்திருந்தார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மாலை சகாயம்மாள் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அரவிந்தனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். கேட்டுக்கு வெளியே நின்றபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, பொங்கலுக்கு உங்க வீட்டுலேருந்து பொங்கல் வந்துச்சு. கிறிஸ்மஸுக்கு நான் கேக் கொடுத்துவிட்டேன். நடுவுல எப்ப இருந்து இத ஆரம்பிச்சீங்க?"

அரவிந்தன் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னான். கண்டுபிடிப்பதற்காகப் போட்டது, பழக்குவதற்காகப் போட்டது இல்லை என்றான். சொல்லச் சொல்ல, தனக்கே அது பொய் மாதிரி ஒலிப்பது அவனுக்குத் தெரிந்தது. வீடியோவில் அவன் சிலுவை போடுகிறான், நாய் பாய்கிறது, பக்கத்தில் ஒருவர் சபாஷ் சொல்கிறார். இதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நாயை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அதைக் காவலுக்கு எடுத்துக்கொள்ள, தஞ்சாவூர் ரோட்டில் குடோன் வைத்திருக்கும் ஒருவரை ஜெபராஜ் பேசி வைத்திருந்தார். அவர் முன்கூட்டியே வந்து டைகரைப் பார்த்தார். உதடுகளை விலக்கிப் பல்லைப் பார்த்தார். பரம திருப்தி அவருக்கு.

"பாதி வேலைய யாரோ முடிச்சு வச்சிருக்காங்க. மீதிய நான் பாத்துக்கிறேன். இருட்டு ரூம்புல கொஞ்ச நாள் கட்டிப் போட்டு, சோத்துல மிளகாப்பொடி போட்டு, சாக்குல ரெண்டு சாத்து சாத்தினா, அப்புறம் எம் மச்சான் வந்தாக்கூட விடாது."

ஆனந்தவள்ளி உள்ளே போய் அழுதாள். டைகர் அவளுக்குப் பின்னாலேயே போய், அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அரவிந்தன் வீடு பார்க்கும் புரோக்கருக்குப் போன் போட்டான். நாயோடு என்றதும் அவர் வைத்துவிட்டார்.

வழியின்றி முஜிபுர் ரஹ்மானைக் கூப்பிட்டு, இந்த வேலையைச் செய்தவன் யார் என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் தன் தலை தப்பும் என்று கெஞ்சினான். அவர் துறையூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் நாயை வாங்கியிருந்தார். அந்த விவசாயியோ, தானும் வேறொருவரிடமிருந்து வாங்கியதாகச் சொல்லி முதலில் மழுப்பினார். பேச்சை விடாமல் பிடித்ததில் கடைசியில் ஒத்துக்கொண்டு, வளர்த்தவர்களுக்குத் தகவல் சொன்னார்.

"வளர்த்தவங்க ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாங்களாம் சார்" என்றார் முஜிபுர் ரஹ்மான். "சேதி கேட்டு பயங்கரக் கோவத்துல இருக்காங்களாம். பேரு கேட்டேன். வந்து பேசிக்கிறேன்னுட்டாங்களாம்."

செய்தி தெருவெங்கும் பரவியது. சிலுவையைப் பார்த்துப் பாயும்படி ஒரு நாயைப் பழக்கியவன் எப்படி இருப்பான் என்று ஆளுக்கொரு உருவம் கொடுத்தார்கள். முறுக்கு மீசை என்றார்கள். கையில் கத்தித் தழும்பு என்றார்கள். ஜெபராஜ் தன் மருமகனிடம், பேச்சு முற்றினால் நடுவில் புகுந்து தன்னைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்படி சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் நேராகச் சகாயம்மாள் வீட்டு முன்னால் வந்து சேர்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. ஃபாதர் அமிர்தசாமி குளியலறைக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். குடோன்காரரின் வேன் இரும்புக் கூண்டோடு வாசலில் நின்றது. டைகரை இரட்டைச் சங்கிலியில் தூணோடு கட்டியிருந்தார்கள். ஆனந்தவள்ளி அதன் பக்கத்திலிருந்து நகரவில்லை. அரவிந்தன் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான். வருகிறவன் வராமல் போனால் நாய் போய்விடும். வந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால், நாயோடு தன் மானமும் போய்விடும்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். ஜெபராஜின் மருமகன் மாமனாரின் சட்டையை இப்போதே பிடித்துக்கொண்டான்.

ஆட்டோவிலிருந்து குட்டையாக ஒரு கன்னியாஸ்திரீ இறங்கினார். கையில் குடை, தோளில் துணிப்பை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்தார்.

நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்த சகாயம்மாள் பதறிப்போய்க் கேட்டுக்கு ஓடினார். "சிஸ்டர், உள்ள வராதீங்க. இங்க ஒரு நாய் இருக்கு. அது நம்ம ஆளுங்களக் கண்டா விடாது."

சிஸ்டர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ராயப்பா" என்றார்.

டைகரின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்து அது எழுப்பிய சத்தம் குரைப்பு இல்லை, சிறு பிள்ளையின் அழுகை. சங்கிலியை இழுத்தது, சுழன்றது, முடியாமல் மல்லாந்து விழுந்து நாலு காலையும் ஆகாயத்தில் ஆட்டியது. சிஸ்டர் நேரே போய், குடையைக் கீழே வைத்துவிட்டு அதன் வயிற்றைத் தடவினார். கன்றுக்குட்டி உயர ராட்வீலர் அவர் செருப்பை நக்கிக்கொண்டு கிடந்தது.

 ஃபாதர் அமிர்தசாமிதான் முதலில் பேசினார். "சிஸ்டர், இத வளர்த்தது..."

"நான்தான் ஃபாதர். சிஸ்டர் பெலிண்டா."

அவர் துறையூருக்கு அப்பால் பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஹாஸ்டல் நடத்துகிறவர். யாரோ ஒரு புண்ணியவான் காவலுக்கென்று கொடுத்த குட்டியைப் பிள்ளைகள் ராயப்பன் என்று பேர் வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஹாஸ்டல் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்காக வாடகை இடத்துக்குப் போனபோது, அங்கே நாய்க்கு இடமில்லாமல், அறிந்த விவசாயியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் விற்றுவிட்டார். அந்தக் கோபத்தில்தான் சிஸ்டர் புறப்பட்டு வந்திருந்தார். நாயின் பளபளக்கும் உடம்பையும், பக்கத்தில் கண் கலங்கி நிற்கும் ஆனந்தவள்ளியையும் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"நல்லா வச்சிருக்கம்மா. எங்க புது இடத்துலயும் இத வச்சுக்க முடியாது. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ஆனந்தவள்ளி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரவிந்தனுக்குப் பல நாள் கழித்து மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

குடோன்காரர் மல்லாந்து கிடக்கும் நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சிஸ்டர் செருப்ப நக்குற நாய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று சலித்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டார். கன்னியாஸ்திரீ வளர்த்த நாயை வேண்டாம் என்று சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் வாய் வரவில்லை. ஜெபராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு வெயிலில் படம் சரியாக விழவில்லை என்றும், அதை அழித்துவிடப் போவதாகவும் பொதுவாக அறிவித்தார். மருமகன் சட்டையை விட்டான். சகாயம்மாள் அரவிந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு, எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சிஸ்டருக்குக் காபி கலக்க ஆள் போனது.

பாரம் இறங்கிய நிம்மதியில் சகாயம்மாள் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்தார். "சேசு மரி சூசை" என்று மனமுருகிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

டைகர் எழுந்து, இரட்டைச் சங்கிலியும் அதிரக் குரைத்தது. எச்சில் பறந்தது. சகாயம்மாள் பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றார். ஜெபராஜ் மருமகனின் முதுகுக்குப் பின்னால் போனார். குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா சிஸ்டர்? உங்க முன்னாலயே" என்றார் சகாயம்மாள், நாற்காலி மேலிருந்து. "சிலுவை போட்டா போதும், இப்படித்தான். வந்த நாள்லேருந்து இதே கதை."

சிஸ்டர் பெலிண்டா அவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் ஒவ்வொருவருடைய வெறுங்கையையும் நம்ப முடியாமல் பார்த்தார்.

"சாப்பாட்டு ஜெபம் சொல்லிச் சிலுவை போட்டதும், ஹாஸ்டல்ல முதல் உருண்டை ராயப்பனுக்குத்தான். இத்தனை நாளா அது முன்னாடி நின்னு சிலுவை போட்டுட்டு, ஒருத்தர்கூடவா அதுக்குச் சோறு வைக்கல?"